குஞ்சின் தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு

வாரச் சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் பார்த்திருப்பீர்கள். அட்டைப் பெட்டி நிறைய பச்சை, ரோஸ், மஞ்சள் என்று சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். நாமும் வாங்கித் தருவோம். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் செத்துவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. உயிருள்ள ஒன்றை ஏன் பலூன் விலைக்கு விற்கிறார்கள் என்று என் மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். ஆனால், எட்டு வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பதில் இதுதான். சாயக் குஞ்சுகளில் பெரும்பாலானவை முட்டைக்கோழி இனத்தில் பிறந்த சேவல்கள். பொரிக்கும் குஞ்சுகளில் பாதி சேவலாகத்தான் இருக்கும். அது முட்டை இடாது. பிராய்லர் மாதிரி சதையும் வைக்காது. தீவனம் போட்டு வளர்த்தால் போட்ட காசு திரும்பாது. அதனால், பொரித்த அன்றே பிரித்து அழித்துவிடுவதுதான் உலகம் முழுக்க வழக்கம். ஆண்டுக்குப் பல நூறு கோடிக் குஞ்சுகள் இப்படிப் போகின்றன. சந்தைக்கு வருபவை அதில் தப்பியவை.

இதைத் தவிர்க்க, முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று கண்டறியும் இயந்திரங்கள் இப்போது ஐரோப்பாவில் ஓடுகின்றன. இயந்திரம்தான் புதிது. அவற்றில் ஒன்றின் அடிப்படை, நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர் பண்ணையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நிறக்கணக்கு. அவர் பெயர் ரெஜினால்ட் கிரண்டல் புன்னெட்.

வாசகர்களில் வேளாண்மையோ கால்நடை மருத்துவமோ படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். மரபியல் தாளில் நான்கு கட்டம் போட்டு, மேலே தந்தையின் எழுத்து, பக்கத்தில் தாயின் எழுத்து என்று நிரப்பி மதிப்பெண் வாங்கினோமே, அதுதான் புன்னெட் கட்டம். நானும் போட்டிருக்கிறேன். அதைப் போட்டவர் கோழி வளர்த்தவர் என்பது எனக்கு உழவியலில் முனைவர் பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்.

வயிற்றுவலியில் தொடங்கிய படிப்பு

புன்னெட் 1875ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள டன்பிரிட்ஜ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா கட்டட வேலை நிறுவனம் நடத்தியவர். சிறுவனுக்கு அடிக்கடி குடல்வால் அழற்சி வந்து படுக்கையில் கிடக்க வேண்டியிருந்தது. படுத்த இடத்தில் கையில் கிடைத்தவை விலங்குகள், பறவைகள் பற்றிய புத்தகங்கள். அங்கே பிடித்த ஆசை கடைசிவரை விடவில்லை.

மருத்துவம் படிக்கலாம் என்று கேம்பிரிட்ஜ் போனார். அங்கே விலங்கியல் இழுத்துக்கொண்டது. 1898இல் பட்டம் பெற்றபின் சில ஆண்டுகள் கடலில் வாழும் ரிப்பன் போன்ற ஒருவகைப் புழுவை ஆராய்ந்தார். நம் ஆட்டுக் குடலில் வரும் நாடாப்புழு அல்ல, இது வேறு. அந்த வேலையிலேயே இருந்திருந்தால் இன்று இந்தப் பக்கத்தில் அவரைப் பற்றி எழுத எதுவும் இருந்திருக்காது.

1900இல் மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வு மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் அதைத் தோளில் தூக்கிச் சுமந்தவர் வில்லியம் பேட்சன். மரபியல் என்ற துறைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவரும் அவர்தான். புன்னெட் அவரோடு சேர்ந்தார். ஆய்வகம் எது தெரியுமா? கேம்பிரிட்ஜை ஒட்டிய கிரான்செஸ்டர் கிராமத்தில் பேட்சன் குடியிருந்த வீட்டின் தோட்டம். ஒருபுறம் இனிப்புப் பட்டாணிக் கொடிகள், மறுபுறம் கோழிக் கூண்டுகள். பேட்சனின் மனைவியும் வேலைகளில் கூட நின்றார். ஒவ்வொரு முட்டையும் எந்தப் பெட்டை இட்டது, எந்தச் சேவலுக்குப் பிறந்தது என்று குறித்து, பொரித்து, குஞ்சு குஞ்சாக எண்ணினார்கள்.

அவர்கள் முதலில் எண்ணியது கொண்டையை. ரோஜாக் கொண்டைக் கோழியையும் பட்டாணிக் கொண்டைக் கோழியையும் இணை சேர்த்தால், இரண்டிலும் இல்லாத வாதுமைக் கொண்டை வந்தது. அந்தக் குஞ்சுகளைத் தமக்குள் இணை சேர்த்தால் 16க்கு 9 வாதுமை, 3 ரோஜா, 3 பட்டாணி, 1 ஒற்றைக் கொண்டை. இரண்டு மரபணுக்கள் சேர்ந்து ஒரே உறுப்பை மாற்றுவதற்கு இது இன்றும் பாடப் புத்தக உதாரணம். உங்கள் ஊர் அசீல் சண்டைச் சேவலின் தலையைப் பாருங்கள். அதில் இருப்பது பட்டாணிக் கொண்டைதான்.

1905இல் மெண்டலின் விதிகளை எளிய மொழியில் விளக்கி ஒரு சிறு புத்தகம் எழுதினார். தொடர்ந்த ஆண்டுகளில் அந்தக் கட்டமும் பிறந்தது. 1908இல் ஒரு சொற்பொழிவு முடிவில் அவரிடம் ஒரு கேள்வி வந்தது. ஒரு குணம் ஓங்கு குணம் என்றால், காலப்போக்கில் அது எல்லோரிடமும் பரவிவிட வேண்டாமா? புன்னெட்டிடம் உடனடி விடை இல்லை. தன்னோடு கிரிக்கெட் ஆடும் கணித நண்பரிடம் கொண்டுபோனார். அவர் ஒரு சிறு கணக்குப் போட்டு, தேர்வு எதுவும் நடக்காதவரை விகிதம் மாறாமல் நிற்கும் என்று காட்டினார். அந்த நண்பர் ஜி. எச். ஹார்டி. ஐந்தாண்டு கழித்து நம் கும்பகோணத்து ராமானுஜத்தின் கடிதத்தைப் பிரித்துப் படித்த அதே ஹார்டிதான். கால்நடை இனப்பெருக்கம் படிப்பவர்கள் இன்றும் அந்தச் சமன்பாட்டைத் தாண்டாமல் போக முடியாது.

1909இல் இலங்கைக்கு வந்தார். கறிவேப்பிலை, எலுமிச்சைக் கன்றுகளில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டு இலையைத் தின்னும் புழுவை நீங்கள் நசுக்கியிருப்பீர்கள். அது வளர்ந்து ஆகும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியைத்தான் அவர் அங்கே ஆராய்ந்தார். அதில் ஆண் ஒரே மாதிரி. பெண் மட்டும் மூன்று தோற்றத்தில் வரும். பாலைப் பொறுத்துத் தோற்றம் மாறுவது அவரை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1912இல் கேம்பிரிட்ஜில் மரபியலுக்கென ஏற்பட்ட பேராசிரியர் பதவியில் அமர்ந்தார். பிரிட்டனில் அந்தத் துறைக்கு அதுதான் முதல் பேராசிரியர் பதவி. பேட்சனும் அவரும் 1910இல் தொடங்கிய மரபியல் இதழ் பின்னாளில் ஹால்டேனோடு இந்தியாவுக்கு வந்தது. இன்றும் பெங்களூருவிலிருந்து வெளியாகிறது.

அவரைத் தெய்வமாக்க வேண்டாம். மனித இனத்தையும் தேர்ந்தெடுத்து மேம்படுத்தலாம் என்று அந்தக் காலத்து அறிவாளிகள் பலர் நம்பினார்கள். அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தார். கோழிக்குப் பொருந்தும் கணக்கை மனிதனுக்குப் போட்ட தவறு அது.

தாய் சொத்து மகனுக்கு

இனி நம் விஷயத்துக்கு வருவோம். மனிதரில் ஆண் பெண் முடிவாவது தந்தையிடமிருந்து. கோழியில் தலைகீழ். சேவலிடம் இசட் குரோமோசோம் இரண்டு. பெட்டையிடம் இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. தாயின் இசட் போன குஞ்சு சேவல், டபிள்யூ போனது பெட்டை.

இதைச் சொத்துக் கணக்காக வைத்துப் பாருங்கள். தாய்க்கோழி தன் இசட்டில் உள்ள சொத்தை மகனுக்கு மட்டும்தான் எழுதிவைக்க முடியும். மகளுக்கு அந்த வகையில் தகப்பன் சொத்து மட்டும். ஆகவே, கண்ணுக்குத் தெரியும் ஒரு நிறம் தாயின் இசட்டில் இருந்து, அது தகப்பனிடம் இல்லாமல் இருந்தால், அந்த நிறம் வந்த குஞ்சு சேவல், வராதது பெட்டை.

இந்தக் கணக்கு ஒரே ஆள் கண்டுபிடித்தது அல்ல. இறகில் குறுக்கு வரிக்கோடு போட்ட பிளிமத் ராக் கோழியில் இதை 1908இல் விளக்கியவர் அமெரிக்காவின் ஸ்பில்மன். அவர் கோதுமை ரகம் உருவாக்கியவர், பயிர்க்காரர். என் துறைக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. பேட்சனும் புன்னெட்டும் இதே கணக்கை சில்க்கி கோழியில் பார்த்தார்கள். கடக்நாத்துக்கு இருப்பதுபோல சில்க்கிக்கும் கருந்தோல். சில்க்கிச் சேவலையும் பழுப்பு லெகார்ன் பெட்டையையும் சேர்த்தால் பெட்டைக் குஞ்சுகள் மட்டும் கருந்தோலோடு வந்தன. பெட்டையை சில்க்கியாகவும் சேவலை லெகார்னாகவும் மாற்றினால் அந்த வித்தியாசம் காணாமல் போனது.

போர்க்காலத் தீவனம்

முதல் உலகப் போர் வந்தது. பிரிட்டன் சாப்பாட்டுக்கும் தீவனத்துக்கும் கப்பலில் வரும் தானியத்தை நம்பி இருந்த நாடு. ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தன. கோழிக்குப் போடும் ஒவ்வொரு கைப்பிடியும் மனிதன் தட்டிலிருந்து எடுத்ததாகிவிட்டது. அந்த நாளில் குஞ்சுகளில் சேவல் எது என்று தெரியக் கொண்டையும் வாலும் வளரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை முட்டைக்கு உதவாத பாதிக் கூட்டமும் தின்றுகொண்டே இருக்கும்.

அரசின் உணவு உற்பத்தித் துறைக்கு வேலை செய்த புன்னெட், கேம்பிரிட்ஜ் கூண்டில் பார்த்த கணக்கை இங்கே எடுத்துப் போட்டார். சரியான சேவலையும் சரியான பெட்டையையும் இணை சேர்த்தால், குஞ்சு முட்டையை விட்டு வந்து உலர்ந்ததும் நிறத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம் என்று சொன்னார்.

இதில் இரண்டு வழிகள் நிலைத்தன. ஒன்று, ரோட் ஐலண்ட் ரெட் போன்ற சிவப்புச் சேவலுக்கு லைட் சசெக்ஸ் போன்ற வெள்ளி நிறப் பெட்டை. சேவல் குஞ்சுகள் வெளிர் மஞ்சளாக வரும், பெட்டைக் குஞ்சுகள் செம்பழுப்பாக வரும். இன்னொன்று, சிவப்பு அல்லது கறுப்புச் சேவலுக்கு வரிக்கோட்டு பிளிமத் ராக் பெட்டை. எல்லாக் குஞ்சும் கறுப்பாக வரும். சேவல் குஞ்சின் தலையில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். புன்னெட் குஞ்சுகளைக் காப்பாற்ற இதைச் செய்யவில்லை. தானியத்தைக் காப்பாற்றச் செய்தார். முதல் நாளே தெரிந்தால் முதல் நாளே அழித்துவிடலாம் என்பதுதான் அதன் பொருள். தலையில் இருந்த பொட்டுதான் அந்தக் குஞ்சுக்குத் தீர்ப்பு. பட்டினி மிரட்டிய நாட்டில் அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால், போர் முடிந்தும் வழக்கம் போகவில்லை. 1920களில் ஜப்பானில் கியோஷி மசுயியும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் குஞ்சின் ஆசனவாயைப் பிதுக்கிப் பார்த்துப் பால் அறியும் முறையைக் கொண்டுவந்தார்கள். பயிற்சி பெற்ற கை மணிக்கு ஆயிரம் குஞ்சு பிரிக்கும். அதன்பின் முட்டைக்கு ஓர் இனம், கறிக்கு ஓர் இனம் என்று தொழில் இரண்டாகப் பிளந்தது. வறுமைக்காலத்து உபாயம் நிரந்தர ஏற்பாடாகிவிட்டது.

தானே சொல்லும் இனம்

நிறக் கலப்பில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு தலைமுறைக்குத்தான் பலிக்கும். பிறந்த கலப்புக் கோழிகளைத் தமக்குள் சேர்த்தால் அடையாளம் குழம்பிவிடும். ஒவ்வொரு முறையும் இரண்டு தூய இனங்களை வைத்திருக்க வேண்டும். சிறு பண்ணையாளருக்கு அது கட்டுபடியாகாது.

புன்னெட்டும் மைக்கேல் பீஸ் என்ற உடன் ஆய்வாளரும் கோல்டன் காம்பைன் என்ற கோழிக்குள் பிளிமத் ராக்கின் வரிக்கோட்டு மரபணுவைப் புகுத்திப் பார்த்தபோது இதற்கு விடை கிடைத்தது. இசட்டில் இருக்கும் மரபணு சேவலுக்கு இரண்டு பங்கு, பெட்டைக்கு ஒரு பங்கு. வரிக்கோட்டு மரபணு நிறத்தை வெளுக்கவைப்பது. இரண்டு பங்கு வாங்கிய சேவல் குஞ்சு நன்றாக வெளுத்து வந்தது. ஒரு பங்கு வாங்கிய பெட்டை முதுகுக் கோடு தெளிவாகத் தெரியக் கருமையாக வந்தது. இதற்கு இரண்டு இனம் வேண்டாம். எத்தனை தலைமுறை போனாலும் அடையாளம் மாறாது. 1930 வாக்கில் உருவான அந்த முதல் இனத்துக்கு காம்பார் என்று பெயர். பிறகு பழுப்பு லெகார்னில் அதே மரபணுவைச் சேர்த்து லெக்பார் வந்தது.

கிளாரன்ஸ் எலியட் என்ற தாவரச் சேகரிப்பாளர் தென் அமெரிக்காவிலிருந்து நீல முட்டையிடும் கோழிகளைக் கொண்டுவந்து புன்னெட்டிடம் கொடுத்தார். நீல நிறம் ஓங்கு குணம் என்று 1933இல் அவர் காட்டினார். அந்த ரத்தம் கலந்த கிரீம் லெக்பார் இன்றும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கொல்லைப்புறங்களில் நீல முட்டை இடுகிறது. குஞ்சைப் பார்த்தவுடன் சேவலா பெட்டையா என்று குழந்தையும் சொல்லிவிடும். பெரிய பண்ணைகள் இந்த இனங்களை எடுத்துக்கொள்ளவில்லை. வீரிய ஒட்டு ரகங்கள் முட்டை எண்ணிக்கையில் முந்திவிட்டன.

1940இல் ஓய்வுபெற்று சாமர்செட்டில் ஒரு சிற்றூரில் குடியேறினார். பிள்ளைகள் இல்லை. 1967 ஜனவரி 3ஆம் தேதி 91 வயதில் இறந்தார்.

முட்டைக்குள் ஒளி

ஜெர்மனியில் ஆண்டுக்குச் சுமார் 4.5 கோடி சேவல் குஞ்சுகளை அழித்துவந்தார்கள். 2022 ஜனவரி 1 முதல் சட்டம் அதைத் தடுத்துவிட்டது. பிரான்சும் தொடர்ந்தது. பொரிப்பகங்கள் முட்டையிலேயே பிரிக்கத் தொடங்கின. அங்கே ஓடும் இயந்திரங்களில் செகி என்ற ஒன்று அடைவைத்த 13ஆம் நாள் முட்டைக்குள் ஒளியைச் செலுத்துகிறது. ஓட்டில் துளை போடுவதில்லை. வெளியே வரும் ஒளியின் நிறமாலையைக் கணினி பிரித்துப் பார்க்கிறது. அது தேடுவது உள்ளே முளைத்திருக்கும் இறகின் நிறம். வெளுத்திருந்தால் சேவல், பழுப்பாக இருந்தால் பெட்டை. பழுப்பு முட்டை இடும் கோழிகளை உருவாக்கும்போது தந்தை சிவப்பு வழி, தாய் வெள்ளி வழி. போர்க்காலத்தில் புன்னெட் சொன்ன அதே நிறக்கணக்கு. அன்று 21ஆம் நாள் குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். இன்று எட்டு நாள் முன்னால் ஓட்டுக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். சேவல் முட்டைகள் அடையிலிருந்து எடுக்கப்பட்டுத் தீவனப் பொருளாகின்றன. கரு எந்த நாளிலிருந்து வலி உணரும் என்பதில் அங்கே வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நாமக்கல்லுக்கு இது உதவுமா என்று கேட்பீர்கள். இந்த ஒளி முறை உதவாது. நம் பண்ணைகளில் பெரும்பாலும் இருப்பது வெள்ளை லெகார்ன் வழி. அதில் ஆணும் பெண்ணும் வெள்ளை. வெள்ளை நிறத்துக்கான மரபணு ஓங்கி நின்று மற்ற நிறங்களை மூடிவிடுகிறது. அவற்றுக்கு வேறு முறை வேண்டும். ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழக ஆய்விலிருந்து வந்த முறையில், 9ஆம் நாள் ஓட்டில் லேசரால் ஊசிமுனைத் துளை போட்டு ஒரு சொட்டு திரவம் எடுத்து, பெட்டைக் கருவின் ஹார்மோன் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முட்டை நிறம் எதுவானாலும் அது பலிக்கும். ஆனால், செலவு முட்டை விலையில் ஏறும்.

வீட்டுக்குப் பத்து இருபது கோழி வளர்ப்பவர்களுக்கு இயந்திரம் வேண்டியதில்லை. ஆர்.ஐ.ஆர். சேவலும் வரிக்கோட்டு பிளிமத் ராக் பெட்டையும் கிடைத்தால் சோதித்துப் பாருங்கள். சேவல் வரிக்கோடாகவும் பெட்டை சிவப்பாகவும் இருந்தால் நடக்காது. அப்போது இரு பாலுக்கும் பொட்டு வந்துவிடும். இரண்டும் தூய இனமாக இருக்க வேண்டும். வேறு சேவல் மிதித்த பெட்டை என்றால் மூன்று வாரம் தனியே வைத்த பிறகு முட்டை எடுங்கள். குஞ்சு நன்றாக உலர்ந்தபின், முதல் நாளே, பகல் வெளிச்சத்தில் உச்சந்தலையைப் பாருங்கள். பொட்டு உள்ளதற்கு ஒரு நிறத்தில், இல்லாததற்கு வேறு நிறத்தில் காலில் வளையம் போடுங்கள். கால் தடிக்கத் தடிக்க வளையத்தை மாற்ற மறக்காதீர்கள். இரண்டு மாதம் கழித்துக் கொண்டையைப் பார்த்து எத்தனை சரி என்று எண்ணிக்கொள்ளலாம். அதில் வரும் சேவல்களை என்ன செய்வது என்பது உங்களுக்குச் சிரமமாக இருக்காது. வளர்ந்த சேவலுக்கு நம் ஊரில் கறி விலை உண்டு.